கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது?

மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்குக்கு சவூதி அரேபியாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதியாகும். செய்தி கொழும்பை எட்டிய வேளை பாராளுமன்றம் கூடியிருந்தது. உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினர். மறுநாள் ரியாதிலிருந்த எமது தூதுவர் திருப்பியழைக்கப்பட்டார். இன, மத பேதமின்றி நாடு துயருற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்துயரின் பின்னர் எமது சட்டப் புத்தகத்தில் எதனை மாற்றினோம், எதனை மாற்றாமல் விட்டோம் என்ற கேள்வி இன்றுவரை உரிய முறையில் எழுப்பப்படவில்லை. புலம்பெயர்ந்து உழைப்போரின் மனித கௌரவத்தைச் சட்டத்தின் மூலம் பாதுகாப்பது எவ்வாறு என்பதை ஆராய முற்படும் எவரும் அந்த ஒரு வழக்கின் கோவையைத் திறந்து பார்ப்பதே போதுமானது என்று நாம் கருதுகின்றோம்.

கோவையின் முதற் தாளே பொய்யாக இருந்தது. ரிஸானா 1988 பெப்ரவரி 4ஆம் திகதி பிறந்தவர் என்கிறது அவரது பிறப்புச் சான்றிதழ். அவருக்கென எடுத்துக் கொடுக்கப்பட்ட கடவுச்சீட்டோ 1982 பெப்ரவரி 2ஆம் திகதி பிறந்தவர் என்றது. ஒரு தரகரின் பேனா அப்பிள்ளைக்கு ஆறு வயதைக் கூட்டிவிட்டது. கிழக்குக் கரையைச் சுனாமி அழித்துச் சென்று ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. விறகு வெட்டிப் பிழைத்த ஒரு குடும்பத்தின் மூத்த பெண்பிள்ளை 2005 மே மாதம் விமானம் ஏறியபோது அவருக்கு வயது பதினேழு.

தவாத்மி என்ற நகரில் வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்ட அவரிடம் நான்கு மாதக் குழந்தை ஒன்றைப் பராமரித்துப் பாலூட்டும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. குழந்தை பராமரிப்பில் எவ்விதப் பயிற்சியும் அவருக்கு இருக்கவில்லை. சில வாரங்களுக்குள் அக்குழந்தை இறந்தது. பாலூட்டும்போது குழந்தைக்குப் புரைக்கேறியது என்றார் ரிஸானா. கழுத்து நெரிக்கப்பட்டது என்றது முறைப்பாடு. பொலிஸாரிடம் அவர் அளித்ததாகக் கூறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். அதனை மொழிபெயர்த்தவர் தகைமை பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பது மேன்முறையீட்டின்போது எடுத்துரைக்கப்பட்டது. முதல் விசாரணையின்போது அவருக்கெனச் சட்டத்தரணி எவரும் இருக்கவில்லை. 2007 ஜூன் 16ஆம் திகதி மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு செய்வதற்கான செலவைத் திரட்டி உதவியது ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு. எமது அரசாங்கம் அன்று.

ஆக, ஒரு பொய்யான பிறந்த திகதி, விளங்காத மொழியில் எழுதப்பட்ட ஒரு வாக்குமூலம், வாராத ஒரு சட்டத்தரணி. இம்மூன்றும் ஒரு தனிமனிதரின் கொடுமையால் நேர்ந்தவை அல்ல. இரு நாடுகளின் நிர்வாகங்களும் தத்தமது கடமையைச் செய்யத் தவறியதால் நேர்ந்தவை.

அக்காலத்தில் இவ்விடயம் எமது மக்களிடையே வேறொரு திசையில் விவாதிக்கப்பட்டதையும் இங்கு குறிப்பிடாமல் விடமுடியாது. ஷரீஆவை விமர்சிக்கின்றனர் என்று சிலரும், ஷரீஆவே காரணம் என்று வேறு சிலரும் வாதிட்டனர். இவ்விவாதத்தில் உண்மையான கேள்வி மறைந்துபோயிற்று. ஐயம் எழுமிடத்துத் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்பதும், நிர்ப்பந்தத்தால் பெறப்பட்ட ஒப்புதல் செல்லாது என்பதும் இஸ்லாமியச் சட்டவியலில் நன்கறியப்பட்ட கோட்பாடுகள். கூலியைத் தாமதிக்காது கொடுக்கும்படி வலியுறுத்தும் நபிமொழியை மத்ரஸாவில் படிக்காத பிள்ளையும் இல்லை. குற்றம் புரிந்த வேளையில் பதினெட்டு வயதை அடையாத ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்படலாகாது எனக் கூறும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை சவூதி அரேபியா 1996ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. எனவே அங்கு மீறப்பட்டது எதுவெனில், அந்நாடு தானே ஒப்புக்கொண்ட நியமம்தான். அந்நியமத்தைப் பயன்படுத்துவதற்குத் தடையாக நின்றது கடவுச்சீட்டிலிருந்த அந்தப் பொய்யான திகதி. அத்திகதியை எழுதியவர்கள் சவூதி அரேபியர்கள் அல்லர்.

மனித கௌரவம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் இரக்கத்தின் மொழியிலேயே பயன்படுத்தி வருகின்றோம். 2010 ஆகஸ்டில் தென்னிலங்கைப் பெண்ணொருவர் உடலில் ஆணிகளுடனும் ஊசிகளுடனும் சவூதியிலிருந்து திரும்பி வந்தபோது அவரது எக்ஸ்-கதிர்ப் படங்களைப் பத்திரிகைகள் முதற் பக்கத்தில் வெளியிட்டன. எமது தமிழ்ப் பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. இரக்கம் ஒரு வாரம் நீடித்தது. சட்டத்தின் பார்வையில் கௌரவம் என்பது இதனின்றும் வேறானது. ஒருவர் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யக்கூடியவராக, அதனை முறிக்கக்கூடியவராக, முறைப்பாடு செய்யக்கூடியவராக, விரும்பினால் வீடு திரும்பக்கூடியவராக இருப்பதே அதன் உள்ளடக்கம். இவை இருக்கும் இடத்தில் நல்ல எசமானும் கெட்ட எசமானும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். இவை இல்லாத இடத்தில் நல்ல எசமான் வாய்ப்பது வெறும் அதிர்ஷ்டம்.

வளைகுடா நாடுகளிலும் லெபனான், ஜோர்தான் ஆகியவற்றிலும் நிலவிவந்த கபாலா முறையை இந்த நோக்கிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரின் வதிவிட அனுமதி அவரது கபீலின், அதாவது பொறுப்பாளரான எசமானின் பெயருடன் பிணைக்கப்படுவதே அம்முறையாகும். வேலையை விட்டு நீங்கினால் நாட்டில் தங்கும் உரிமையும் நீங்கிவிடும். வேறொரு வீட்டுக்கு மாறுவதற்கு அதே எசமானின் சம்மதம் தேவை. சில நாடுகளில் ஊர் திரும்புவதற்கும் தேவைப்பட்டது. சம்பளம் கிடைக்காமலோ அடி தாங்காமலோ வீட்டை விட்டு வெளியேறும் பெண்மீது கபீல் 'ஹுரூப்' என்ற முறைப்பாட்டைப் பதிவு செய்துவிட்டால், முறைப்பாடு செய்யப் போனவரே தலைமறைவான குற்றவாளியாகிவிடுவார். 'தப்பியோடிய பணிப்பெண்' என்று எமது செய்தித்தாள்களும் தலைப்பிடுவதுண்டு. ஓர் அலுவலகத்தில் வேலையை விட்டு விலகியவரைத் தப்பியோடியவர் என்று எவரும் எழுதுவதில்லை.

இம்முறை அரபு நாடுகளுக்கே உரியது என்று எண்ணுவோர் எமது மலையகத்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். தோட்டத் துறைமாரின் காலத்தில் 'துண்டு' என்றொரு காகிதம் இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், அவர் பெயரிலுள்ள கடன் எவ்வளவு, அதனைச் செலுத்தினால் அவரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு தேவை. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் ஆளோடு கூடவே போகும். துண்டு இல்லாதவருக்கு எங்கும் வேலை இல்லை. 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ், அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கியவரைச் சிறைக்கு அனுப்பவும் முடிந்தது. துண்டையும் கபீலின் சம்மதக் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மொழி ஒன்றைத் தவிர வேறு வித்தியாசம் காண்பது கடினம்.

துண்டு முறை 1921ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. அது துரைமாரின் மனமாற்றத்தால் ஒழிந்ததன்று. இந்தியாவில் எழுந்த அரசியல் அழுத்தம் அதற்கு ஒரு முக்கிய காரணமாகும். தொடர்ந்து 1922இல் இந்தியா தனது குடியகல்வுச் சட்டத்தை இயற்றி, தொழிலாளரை அனுப்புவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கண்டியில் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் நிலைகொண்டார். தோட்டங்களின் நிலைமை பற்றி அவர் ஆண்டறிக்கை எழுதினார். 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனச் சட்டம் இலங்கையில் நிறைவேறியமைக்கு இந்த அழுத்தம் பெரிதும் காரணமாயிற்று. அனுப்பும் நாடு பேரம் பேசத் துணிந்தபோது பெறும் நாட்டின் சட்டம் மாறியது என்பது இதிலிருந்து நாம் அறிவது. அதே மக்களின் குடியுரிமையை 1948இல் சுதந்திர இலங்கையின் சட்டமே பறித்தது என்பது தனியே எழுதப்பட வேண்டிய மற்றொரு கதை.

பெறும் நாடுகளில் மாற்றமே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. வீட்டுப் பணியாளரைத் தனது தொழிற் சட்டத்துக்குள் உள்வாங்கும் திருத்தத்தை ஜோர்தான் 2008இல் கொண்டுவந்தது. ரிஸானாவின் மரணத்தின் பின்னர், அதே 2013இல், சவூதி அரேபியா வீட்டுப் பணியாளருக்கென விதிகளை வெளியிட்டது. நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியால ஓய்வும் வாரத்தில் ஒரு விடுமுறை நாளும் அவ்விதிகளில் இடம்பெற்றன. குவைத் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணித்தியாலமாக வரையறுத்தது. ஐக்கிய அரபு இராச்சியமும் கட்டாரும் 2017இல் தனிச் சட்டங்களை இயற்றின. வேலை மாறுவதற்கு எசமானின் சம்மதம் தேவையில்லை எனக் கட்டார் 2020இல் அறிவித்ததோடு, 2021 மார்ச் முதல் வீட்டுப் பணியாளருக்கும் சேர்த்து மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச வேதனத்தை நடைமுறைப்படுத்தியது.

ஆயினும் இச்சட்டங்களை உற்று நோக்கினால் ஒரு பொதுத்தன்மை தெரியும். கட்டடத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் ஒரு சட்டம். வீட்டினுள் வேலை செய்யும் பெண்ணுக்குத் தனியாக, அதனிலும் மெலிந்த, வேறொரு சட்டம். 2021 மார்ச்சில் சவூதி அரேபியாவில் நடைமுறைக்கு வந்த தொழிற் சீர்திருத்தம் வேலை மாறும் உரிமையைத் தனியார் துறையினருக்கு வழங்கியபோது வீட்டுப் பணியாளரை உள்ளடக்கவில்லை. அதன் பின்னரும் அங்கு மாற்றங்கள் அறிவிக்கப்பட்டு வருகின்றன என்பது வேறு விடயம். லெபனானின் 1946ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் தனது ஏழாம் பிரிவிலேயே வீட்டுப் பணியாளரை வெளியே நிறுத்திவிடுகின்றது. 2020 செப்டெம்பரில் அங்கு ஒரு புதிய மாதிரி ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஆட்சேர்ப்பு முகவர்களின் சங்கம் தொடுத்த வழக்கில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. யாருடைய நலன் அங்கு எடை கூடியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வீடு என்பது தனிமனித உரிமையின் கோட்டை. தொழிற் பரிசோதகர் அதன் கதவைத் தட்ட முடியாது. ஒன்பது மணித்தியால ஓய்வு உண்டென எழுதி வைக்கலாம். அவ்வோய்வு கிடைத்ததா என்று எவர் பார்ப்பது? இதனாலேயே வெளியேறும் உரிமை மற்றெல்லா உரிமைகளுக்கும் முந்தியது என்கின்றோம். எந்நேரமும் எழுந்து போகக்கூடிய ஒருவரிடம் எசமான் நடந்துகொள்ளும் விதம் வேறு. கடவுச்சீட்டை அலுமாரியில் பூட்டி வைத்துள்ள ஒருவரிடம் நடந்துகொள்ளும் விதம் வேறு.

இவ்வாறு பூட்டி வைப்பதைச் சர்வதேச சட்டம் நேரடியாகவே தடைசெய்கின்றது. புலம்பெயர் தொழிலாளர்களினதும் அவர்களது குடும்ப உறுப்பினர்களினதும் உரிமைகளைப் பாதுகாக்கும் சர்வதேச சமவாயம் 1990 டிசம்பர் 18ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் நிறைவேற்றப்பட்டது. சட்டத்தால் அதிகாரமளிக்கப்பட்ட அரச அதிகாரியைத் தவிர வேறெவரும் தொழிலாளியின் அடையாள ஆவணங்களைப் பறித்து வைக்கலாகாது என்கிறது அதன் 21ஆம் உறுப்புரை. நீதிமன்றில் பேசப்படும் மொழி விளங்காதவருக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளரை வழங்க வேண்டுமென்பது 18ஆம் உறுப்புரை. கைதானால் தூதரகத்துக்கு அறிவிக்கக் கோரும் உரிமை 16ஆம் உறுப்புரையில் உண்டு. இச்சமவாயத்தில் இலங்கை 1996 மார்ச் 11ஆம் திகதியே இணைந்துகொண்டது. ரிஸானா விமானம் ஏறும்போது அது நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. ஆனால் வளைகுடா நாடுகளில் ஒன்றேனும் அதில் இணையவில்லை. அனுப்பும் நாடுகள் ஒப்பமிட்டு, பெறும் நாடுகள் ஒதுங்கி நிற்கும் ஓர் உடன்படிக்கை பாதிப் பாலத்தைப் போன்றது. ஆயினும் எமது கரையிலுள்ள பாதியை நாம் கட்டி முடித்தோமா?

இங்குதான் 2013இன் பின்னர் நாம் செய்தது என்ன என்ற கேள்விக்கு மீள வேண்டியுள்ளது. அரசாங்கம் செய்த முதற் காரியம் பெண்களைத் தடுத்தது. சவூதி அரேபியாவுக்குச் செல்லும் வீட்டுப் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயது 25 ஆக்கப்பட்டது. ஏனைய மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23 ஆயிற்று. அத்தோடு 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்ற புதிய ஆவணம் அறிமுகமாயிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்காக வெளிநாடு செல்ல முடியாது. அதனினும் மூத்த பிள்ளைகள் இருப்பின் அவர்களைப் பராமரிப்பவர் யாரென்று காட்டி, உத்தியோகத்தர்களின் சிபாரிசையும் பிரதேச செயலகத்தின் அங்கீகாரத்தையும் பெற வேண்டும். தந்தைமாருக்கு இத்தகைய அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

இந்நடவடிக்கை நல்லெண்ணத்துடன் எடுக்கப்பட்டதாகவே இருக்கட்டும். தாயைப் பிரிந்த பிள்ளைகள் படும் அவலத்தை எமது ஊர்களின் பாடசாலை ஆசிரியர்கள் நன்கறிவர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் குற்றம் எங்கு நிகழ்ந்தது, தடை எங்கு போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். வயதைத் திரித்தவர் தரகர். சட்டத்தரணியை அனுப்பாதது அரசு. தடுக்கப்பட்டதோ ஏழைத் தாய். வேலை செய்யும் உரிமையைப் பெறுவதற்கு ஒரு பெண் தான் நல்ல தாய் என்று அரசாங்க உத்தியோகத்தர் முன்னிலையில் நிரூபிக்க வேண்டியிருந்தமை அவளது கௌரவத்தைப் பாதுகாக்கும் ஏற்பாடா என்பதை வாசகர்களே சிந்தித்துப் பார்க்கலாம்.

பிலிப்பைன்ஸ் வேறொரு வழியைத் தெரிவு செய்தது. 1995 மார்ச் 17ஆம் திகதி அந்நாட்டின் பணிப்பெண்ணான புளோர் கொன்டெம்பிளாசியோன் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். மணிலாவின் வீதிகளில் மக்கள் திரண்டனர். மூன்று மாதங்கள் முடிவதற்குள், ஜூன் 7ஆம் திகதி, புலம்பெயர் தொழிலாளர்களுக்கான சட்டம் கையொப்பமிடப்பட்டது. வெளிநாட்டில் வழக்குகளை எதிர்நோக்கும் தொழிலாளருக்காக 10 கோடி பெசோ கொண்ட சட்ட உதவி நிதியத்தை அச்சட்டம் உருவாக்கியது. சம்பள நிலுவைக்கு வெளிநாட்டு எசமானும் உள்நாட்டு முகவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என விதித்தது. அதாவது ரியாதில் சம்பளம் மறுக்கப்பட்ட பெண், ரியாதில் வழக்காடத் தேவையில்லை. தன்னை அனுப்பிய மணிலா நிறுவனத்திடமே கேட்கலாம். 2011இல் சர்வதேச தொழில் நிறுவனம் வீட்டுப் பணியாளருக்கான 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியபோது அதனை முதன்முதலில் ஏற்றுக்கொண்ட நாடுகளுள் பிலிப்பைன்ஸும் ஒன்று. பிலிப்பைன்ஸ் பெண்கள் துன்பப்படவில்லை என்று கூற நாம் வரவில்லை. அவர்களும் துன்பப்படுகின்றனர். ஆனால் துன்பப்படும்போது பற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு.

எமது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை உருவாக்கிய 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வேறொரு காலத்துக்குரியது. வெளிநாட்டு வேலைவாய்ப்பை ஊக்குவிப்பதும், அவ்வாறு செல்வோரைப் பாதுகாப்பதும் ஒரே நிறுவனத்தின் கடமைகளாக அதில் வைக்கப்பட்டுள்ளன. ஆட்களை அனுப்புவதில் அக்கறையுள்ள ஒரு நிறுவனம் அனுப்பாதிருக்க வேண்டிய இடத்தைத் தானே எவ்வாறு தீர்மானிக்கும்? 2024ஆம் ஆண்டில் புலம்பெயர் தொழிலாளர் நாட்டுக்கு அனுப்பிய தொகை சுமார் 657 கோடி டொலர். பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுச் சென்றனர். இவ்வளவு பெரிய வருமானத்தின் முன்னால் பாதுகாப்பு என்ற கடமை இரண்டாமிடத்துக்குத் தள்ளப்படுவது வியப்பன்று.

மேலும் அச்சட்டத்தின் கவனம் உரிமம் பெற்ற முகவர்மீதே குவிந்துள்ளது. மூதூரிலும் கிண்ணியாவிலும் ஏறாவூரிலும் புத்தளத்திலும் நுவரெலியாத் தோட்ட லயங்களிலும் வீட்டு வாசலுக்கு வருபவர் அவரல்லர். வருபவர் உப முகவர். அவர் அயலூர்க்காரர், சில வேளை சொந்தக்காரர். முற்பணமாக ஒரு தொகையை வைத்துவிட்டு, கடவுச்சீட்டு அலுவல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகக் கூறுபவர். அத்தொகை கையில் வந்த கணமே அப்பெண்ணுக்குப் பின்வாங்க முடியாமற் போகிறது. மீண்டும் அதே துண்டு.

தடைகள் போடப்பட்டபோது இந்த உப முகவரின் வியாபாரமே செழித்தது. குடும்பப் பின்னணி அறிக்கை கிடைக்காதவர்களுக்குச் சுற்றுலா வீசா என்ற குறுக்குவழியை அவர் காட்டினார். சுற்றுலா வீசாவில் சென்றவருக்குப் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லை, காப்புறுதி இல்லை. 2022 நவம்பரில் ஓமானுக்கு இவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கு வேலைக்கென விலைபேசப்பட்டமை வெளிச்சத்துக்கு வந்தது. அவ்விவகாரத்தில் அங்குள்ள எமது தூதரகத்தில் கடமையாற்றிய அதிகாரி ஒருவரே கட்டுநாயக்கவில் கைதுசெய்யப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டு ஜூன் மாதம் அமைச்சரவை வயதெல்லையை எல்லா நாடுகளுக்கும் 21 ஆகக் குறைத்து, பிள்ளையின் வயது தொடர்பான தடையையும் இரண்டு வயதாகத் தளர்த்தியது. டொலர் தட்டுப்பாடு ஏற்பட்டவுடன் தளர்த்தப்பட்ட ஒரு விதி, உண்மையில் பிள்ளைகளின் நலனுக்காகத்தான் போடப்பட்டிருந்ததா என்ற ஐயம் எழுவது இயல்பே.

இருதரப்பு உடன்படிக்கைகள் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஜனவரியில் சவூதி அரேபியாவுடன் வீட்டுப் பணியாளர் தொடர்பில் இலங்கை உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டது. சர்வதேச சமவாயத்தில் இணையாத நாடுகளைக் கட்டுப்படுத்த இதுவே எமக்குள்ள வழி. கண்டியில் இருந்த அந்த இந்திய முகவரைப் போன்று, உடன்படிக்கை கடைப்பிடிக்கப்படுகின்றதா என்று பார்த்து ஆண்டுதோறும் பகிரங்கமாக அறிக்கையிடும் ஒருவர் எமது தூதரகங்களில் இருப்பின் அதன் வலு வேறாக இருக்கும். அவ்வறிக்கை பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படவும் வேண்டும். நூறாண்டுக்கு முன்னர் ஒரு காலனித்துவ அரசாங்கத்தால் செய்ய முடிந்ததைச் சுதந்திர அரசாங்கத்தால் செய்ய முடியாது என்று கூறுவதற்கில்லை.

மொழிப் பிரச்சினையைத் தமிழ் பேசும் மக்களான நாம் தனித்து வலியுறுத்த வேண்டியுள்ளது. பணிப்பெண் ஒப்பமிடும் ஒப்பந்தம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இங்கு ஒப்பமிட்ட ஒப்பந்தத்துக்குப் பதிலாக அங்கு போய் இறங்கியதும், குறைந்த சம்பளத்துடன் வேறொன்றில் ஒப்பம் வாங்கும் மோசடி பழக்கமானது. குர்ஆனை ஓதக் கற்ற முஸ்லிம் பெண்ணுக்கு அரபு எழுத்து தெரியும். ஆனால் ஒப்பந்தத்தின் அரபு விளங்காது. தவாத்மியில் நிகழ்ந்தது இதன் கொடூரமான முடிவு. கைதாகும் ஒருவரின் முதல் வாக்குமூலம் பதியப்படும் அந்த ஒரு மணித்தியாலத்தில் தகைமையுள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளர் அருகிலிருப்பது, பின்னர் அனுப்பப்படும் பத்துத் தூதுக் குழுக்களைவிடப் பயனுள்ளது. அரபும் தமிழும் கற்ற மௌலவிமார் எமது சமூகத்தில் ஏராளம். அவர்களில் தகுதியானோருக்குச் சட்ட மொழிபெயர்ப்பில் பயிற்சியளித்து, ஒவ்வொரு தூதரகத்திலும் ஒரு பட்டியல் பேணுவதற்குக் கோடிக் கணக்கில் பணம் தேவையில்லை.

பிற நாடுகளை நோக்கி விரல் நீட்டும்போது எமது சொந்த வீட்டையும் பார்ப்பது முறை. இலங்கையில் வீட்டுப் பணியாளர் என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய சட்டம் 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கப் பதிவுக் கட்டளைச் சட்டமாகும். வேலையாளின் பெயரையும் முன்னைய நடத்தையையும் பதிவேட்டில் எழுதி வைத்து எசமானைப் பாதுகாப்பதற்காக ஆங்கிலேயர் இயற்றியது அது. வேலையாளின் உரிமைகளைப் பாதுகாப்பது அதன் நோக்கமன்று. தோட்டத்திலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் கதை வாசகர்களுக்குப் புதிதல்ல. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி ஒருவர் தீக்காயங்களுடன் கொழும்பு வைத்தியசாலையில் இறந்தபோது, மலையகம் முழுவதும் ஆர்ப்பாட்டங்கள் நடைபெற்றன. கொழும்பில் வீட்டு வேலைக்கு ஓய்வு நாளும் குறைந்தபட்ச வேதனமும் எழுதப்பட்டிருந்தால், குவைத்திடம் அதனைக் கேட்கும் எமது தூதுவரின் குரல் இன்னும் உறுதியாக ஒலித்திருக்கும்.

இவை எல்லாவற்றையும் கேட்கும் வலு அத்தொழிலாளருக்கே ஏன் இல்லை? 1990களின் நடுப்பகுதியில் வெளிநாட்டு வேலைக்குச் சென்றோரில் நால்வரில் மூவர் பெண்களாக இருந்தனர். அவர்களின் உழைப்பில் நாட்டின் இறக்குமதிக் கட்டணங்கள் செலுத்தப்பட்டன. எனினும் அவர்களின் பிரச்சினை எந்தவொரு தேர்தலிலும் முதன்மை பெறவில்லை. அதற்கான காரணம் எளியது. தாயகத்தின் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையைப் புலம்பெயர் தொழிலாளருக்கு அங்கீகரிக்கின்றது சமவாயத்தின் 41ஆம் உறுப்புரை. பிலிப்பைன்ஸ் 2003இல் சட்டமியற்றி அதனை நடைமுறைப்படுத்திவிட்டது. இலங்கையில் குழுக்கள் அமைக்கப்பட்டன, வாக்குறுதிகள் வழங்கப்பட்டன. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலும் நவம்பரில் பொதுத் தேர்தலும் நடைபெற்ற அந்த இரண்டு நாட்களிலும், ரியாதிலும் டோஹாவிலும் குவைத்திலும் வேலையிலிருந்த இலங்கையர் எவருக்கும் தாம் இருந்த இடத்திலிருந்து வாக்களிக்க வழி இருக்கவில்லை.